துறைமுகத்தில் வெடித்த கப்பல்களும் சரக்கும்: ஹாலிஃபாக்ஸ் 1917 முதல் பெய்ரூட் 2020 வரை

நெய்தல்நிலத்தான்:

பேரழிவுகள் என்று பேச்சு எடுத்தாலே நிலநடுக்கம், எரிமலை, டைட்டானிக் என்று போய்விடுகிறோம். துறைமுகத்தில் நின்றபடியே வெடித்த கப்பல்களையும் சரக்கையும் பற்றி இங்கே ஒரு இழையும் கண்ணில் படவில்லை, அதனால் நானே தொடங்குகிறேன். ஹாலிஃபாக்ஸ், பம்பாய், டெக்ஸாஸ் சிட்டி, பெய்ரூட், இந்த நான்கையும் சேர்த்துப் படித்தால் வயிறு கலங்குகிறது. வெடியின் அளவைக்கூட விடுங்கள், வெடிப்பதற்கு முன் கிடைத்த நேரத்தைப் பாருங்கள். ஓரிடத்தில் இருபது நிமிடம், ஓரிடத்தில் ஒரு மணி நேரம், ஓரிடத்தில் இரண்டு மணி நேரம், பெய்ரூட்டில் ஆறு ஆண்டுக்கும் மேல். அந்த நேரம் முழுக்க உள்ளே என்ன இருக்கிறது என்பது சிலருக்குத் தெரியும். கரையில் நின்றவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. என் கோபம் அதில்தான்.

முதலில் ஹாலிஃபாக்ஸ். கனடாவின் கிழக்குக் கரையில், நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் இருக்கும் துறைமுகம். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருக்கிறது, ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்குப் பயந்து கப்பல்கள் கூட்டமாகத்தான் அட்லாண்டிக்கைக் கடக்கும், அந்தக் கூட்டம் சேருகிற இடம் ஊருக்கு உள்பக்கம் இருக்கும் பெட்ஃபோர்டு பேசின். அங்கே போக ஒரு குறுகலான நீர்வழியைத் தாண்ட வேண்டும், இரண்டு கரையிலும் வீடுகள், பள்ளிகள், ஆலைகள். போருக்கு முன்பு வெடிமருந்து ஏற்றிய கப்பலை அந்த வழியாக உள்ளே விடமாட்டார்கள். போர் வந்ததும் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது.

1917 டிசம்பர் 6 காலை. 'மோன்-பிளாங்' என்ற பிரெஞ்சு சரக்குக் கப்பல் உள்ளே வருகிறது. நியூயார்க்கில் ஏற்றிய சரக்கு: சுமார் 2,300 டன் பிக்ரிக் அமிலம் (பெயர் அமிலம், ஆனால் வெடிமருந்து), 200 டன் டிஎன்டி, 10 டன் வெடிபஞ்சு. இது போதாதென்று மேல்தளத்தில் பீப்பாய் பீப்பாயாக 35 டன் பென்சால், அதாவது பெட்ரோல் போலப் பற்றிக்கொள்ளும் எரிபொருள். எதிரே 'இமோ' என்ற நார்வே கப்பல் வெளியே போகிறது. அதில் சரக்கே இல்லை, பெல்ஜியத்துக்கு நிவாரணப் பொருள் ஏற்றப் போகிற கப்பல். இமோ தான் போக வேண்டிய பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கத்தில் வந்தது. இரண்டும் மாறி மாறிச் சங்கு ஊதின, கடைசி நேரத்தில் திரும்பின, மோதிவிட்டன. மோதல் பெரியது ஒன்றுமில்லை. பீப்பாய்கள் உடைந்து பென்சால் வழிந்தது, இமோ பின்வாங்கும்போது இரும்போடு இரும்பு உரசித் தீப்பொறி பறந்தது, அவ்வளவுதான்.

ஊழியர்கள் படகில் இறங்கி எதிர்க்கரையான டார்ட்மவுத்தை நோக்கித் துடுப்புப் போட்டார்கள். ஆளில்லாத கப்பல் எரிந்தபடியே மிதந்து ரிச்மண்ட் பகுதியின் ஆறாவது துறைமேடையில் போய் முட்டியது. கரும்புகையும் இடையிடையே மேலே சீறும் தீப்பந்துகளும் பார்த்து ஊர் திரண்டது. பள்ளிக்குக் கிளம்பிய பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். வெளியே வராதவர்கள் வீட்டுக் கண்ணாடி ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தார்கள். 9 மணி 4 நிமிடத்துக்கு வெடித்தது. பெயர் தெரிந்து பதிவானவர்கள் மட்டும் 1,782 பேர் இறந்தார்கள். காயம் 9,000 பேருக்கு. 1,600க்கும் மேற்பட்ட வீடுகள் தரைமட்டம். கப்பலின் நங்கூரத் தண்டு, அரை டன் எடை, மூன்று கிலோமீட்டருக்கு மேல் பறந்து விழுந்தது. கடல் நீர் 18 மீட்டர் உயரத்துக்கு எழும்பி கரையில் ஏறியது, டார்ட்மவுத் பக்கம் இருந்த மிக்மாக் பழங்குடிக் குடியிருப்பு அதோடு அழிந்தே போனது. மறுநாள் பனிப்புயல்.

கண்ணில் காயம் பட்டவர்கள் மட்டும் 5,900 பேர். எல்லாம் அந்த ஜன்னல் கண்ணாடி. வேடிக்கை பார்க்க வந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, கப்பல் எரிகிறது என்றால் யார்தான் பார்க்கமாட்டார்கள்?

பூங்கோதை:

படித்ததும் தூக்கம் போய்விட்டது அண்ணா. ஒன்று கேட்கிறேன், அந்த ஊழியர்களுக்குத்தானே உள்ளே இருப்பது எல்லாம் தெரியும்? அவர்கள் தங்கள் உயிரை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடியது எனக்கு ஆறவே இல்லை.

கடல்வழி:

நான் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவன், அதனால் இதற்கு நான் பதில் சொல்கிறேன் தங்கச்சி. பென்சால் பற்றிக்கொண்டு மேல்தளம் எரியும்போது நங்கூரத்தைக் கிட்டப் போய்த் தொட முடியாது, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடவும் நேரம் இல்லை. நாற்பது சொச்சம் பேர். கப்பலிலேயே நின்றிருந்தால் நாற்பது பிணம் கூடியிருக்கும், வெடி நின்றிருக்காது. அவர்கள் வாயை மூடிக்கொண்டும் போகவில்லை. படகிலிருந்து எதிரில் வந்தவர்களிடம் எல்லாம் கத்திக்கொண்டேதான் போனார்கள். பிரெஞ்சில் கத்தினார்கள். கேட்டவர்களுக்கு ஆங்கிலம்தான் தெரியும்.

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். மோன்-பிளாங்கின் மாலுமித் தலைவர் எமே லெ மெடெக், அந்தக் கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிநடத்திய ஃபிரான்சிஸ் மேக்கி, துறைமுகக் கடற்படை அதிகாரி வையட் ஆகிய மூன்று பேர் மீதும் வழக்குப் போட்டார்கள். ஊருக்கு யாராவது ஒருவரைக் கை காட்ட வேண்டியிருந்தது, பிரெஞ்சுக்காரர் கையில் கிடைத்தார். யாருக்கும் தண்டனை நிற்கவில்லை. முதல் விசாரணை முழுப் பழியையும் மோன்-பிளாங் மேல் போட்டது. அது மேல்முறையீட்டில் கனடா உச்ச நீதிமன்றம் போய், அப்போது அதற்கும் மேலான மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1920இல் இரண்டு கப்பலுக்கும் சரிசமமான தவறு என்று முடிந்தது.

சிவப்புக் கொடி விஷயமும் உண்டு. வெடிமருந்து ஏற்றிய கப்பல் சிவப்புக் கொடி ஏற்றினால் கரையில் இருப்பவர்கள் ஒதுங்குவார்கள். மோன்-பிளாங் ஏற்றவில்லை. போர்க்காலத்தில் அந்தக் கொடி எதிரியின் ஒற்றனுக்கு 'இங்கே சுடு' என்று விரல் நீட்டுவதற்குச் சமம். நெய்தல் சொல்வது போல 'சொல்லியிருக்கலாமே' என்பது சுலபம். கொடியை ஏற்றி நடுக்கடலில் நீர்மூழ்கிக்கு இரையாகியிருந்தால் அதையும் தவறு என்றுதான் எழுதுவோம்.

நெய்தல்நிலத்தான்:

கடல்வழி அண்ணா, நடுக்கடலில் கொடி ஏற்றச் சொல்லி நான் கேட்கவே இல்லை. எதிரி கண்ணுக்கு மறைப்பது வேறு, துறைமுகத்துக்குள் வந்த பிறகு அந்தத் துறைமுகத்தின் தீயணைப்பு வீரர்களிடமே மறைப்பது வேறு. உள்ளே வரும் கப்பலில் இருப்பது என்ன என்று துறைமுக அதிகாரிகளுக்குத் தெரியும். அது எரிய ஆரம்பித்த பிறகு யாருக்கு ரகசியம்?

சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கும் ஹாலிஃபாக்ஸிலேயே ஒரு ஆள் இருக்கிறார். வின்ஸ் கோல்மன், ரயில்வே தந்தி ஊழியர், துறைமேடைக்கு மிக அருகில் அவர் அலுவலகம். ஒரு கடற்படை மாலுமி ஓடிவந்து கப்பலில் வெடிமருந்து என்று எச்சரித்துவிட்டுப் போகிறார். கோல்மன் கிளம்பிவிட்டார். பிறகு பயணிகள் ரயில் ஒன்று வந்துகொண்டிருப்பது நினைவுக்கு வந்து திரும்பிப் போய் உட்கார்ந்து தந்தி அடித்தார். ரயிலை நிறுத்துங்கள், வெடிமருந்துக் கப்பல் எரிந்தபடி ஆறாவது மேடைக்கு வருகிறது, இதுவே என் கடைசிச் செய்தியாக இருக்கும், போய் வருகிறேன் என்ற பொருளில் அந்தச் செய்தி இருக்கிறது. அவர் பிழைக்கவில்லை. அந்தத் தந்தி வழியில் இருந்த நிலையங்களுக்கெல்லாம் கேட்டதால் ஹாலிஃபாக்ஸில் ஏதோ பயங்கரம் என்று வெளியூர்களுக்கு உடனே தெரிந்து, உதவி கிளம்பியது. பாஸ்டனிலிருந்து அன்று இரவே மருத்துவர்களோடு ரயில் புறப்பட்டது, அந்த நன்றிக்காக நோவா ஸ்கோஷியா இன்றும் ஆண்டுதோறும் பாஸ்டனுக்கு ஒரு பெரிய கிறிஸ்துமஸ் மரம் அனுப்புகிறது.

ஒரு மாலுமி, ஒரு தந்தி ஊழியர். திரும்பிப் போய்த் தந்தி அடிக்கச் சொல்லி கோல்மனுக்கு யாரும் உத்தரவு போடவில்லை. இவர்கள் செய்ததை அலுவலகத்தில் இருந்தவர்கள் செய்திருந்தால் எத்தனை பிள்ளைகள் ஜன்னலை விட்டு நகர்ந்திருப்பார்கள்?

கருவேலன்:

மோன்-பிளாங் வெடியின் வலிமை கிட்டத்தட்ட 2.9 கிலோடன், அதாவது 2,900 டன் டிஎன்டிக்குச் சமம் என்று கணக்கிடுகிறார்கள். அணுகுண்டு வருவதற்கு முன் மனிதன் செய்த வெடிகளில் மிகப் பெரியவற்றில் ஒன்று. தகவலுக்கு.

தணல்மகன்:

இந்த இழைக்காகவே உறுப்பினராகச் சேர்ந்தேன். அப்பா தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். நம் நாட்டில் ஏப்ரல் 14 தீயணைப்புச் சேவை நாள், அந்த வாரமே தீயணைப்பு வாரம். பள்ளியில் வந்து செயல்விளக்கம் காட்டுவார்கள், நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். எதற்காக அந்தத் தேதி என்று கேட்டால் பலருக்கும் தெரிவதில்லை. பம்பாய் துறைமுகத்தில் 1944 ஏப்ரல் 14 அன்று செத்துப்போன 66 தீயணைப்பு வீரர்களுக்காக.

கப்பலின் பெயர் 'ஃபோர்ட் ஸ்டிகின்'. இங்கிலாந்தின் பிர்கன்ஹெட்டிலிருந்து கிளம்பும்போதே கிட்டத்தட்ட 1,400 டன் வெடிபொருள்: குண்டுகள், டார்பிடோக்கள், கண்ணிவெடிகள். கூடவே ஸ்பிட்ஃபயர் போர் விமானங்களும் தங்கக் கட்டிகளும். கராச்சியில் ஒரு பகுதி இறங்கியது, காலியான இடத்தில் பருத்திப் பொதிகள் ஏற்றினார்கள், ஆயிரக்கணக்கில். எண்ணெய்ப் பீப்பாய், மரம், கந்தகம், பழைய இரும்பு எல்லாம் ஏற்றினார்கள். மாலுமித் தலைவர் நைஸ்மித் எதிர்ப்புச் சொல்லிப் பார்த்தார், நடக்கவில்லை. வெடிமருந்துக்குப் பக்கத்தில் பருத்தியை ஏற்றச் சொன்னது ஒரு குற்றம், என்னைக் கேட்டால் அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அதன் தொடர்ச்சி.

ஏப்ரல் 12 பம்பாய் வந்து விக்டோரியா டாக்கில் நின்றது. 14ஆம் தேதி மதியம் இரண்டாவது கிடங்கிலிருந்து புகை. பருத்தித் தீ எப்படிப்பட்டது என்று அப்பா சொல்வார்: வெளியே சுவாலை தெரியாது, பொதியின் உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும், மேலே எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் அழுத்திக் கட்டிய பொதிக்குள் இறங்காது. இங்கேயும் அதுதான் ஆனது. 900 டன் தண்ணீர் அடித்தார்கள். புகையில் தீ எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கப்பலைச் சுற்றித் தண்ணீர் கொதித்தது. பக்கவாட்டு இரும்பில் சூடான இடம் தெரிந்து, வெட்டித் துளை போட்டு உள்ளே தண்ணீர் விட முயன்றார்கள், அந்த முயற்சியும் பலிக்கவில்லை.

அப்புறம் அந்த இரண்டு மணி நேரம். கப்பலை அங்கேயே மூழ்கடிப்பதா, வெளிக்கடலுக்கு இழுத்துப் போவதா, தண்ணீரையே தொடர்ந்து அடிப்பதா என்று ஆளுக்கொரு யோசனை. இராணுவத்துக்காரர் ஒன்று சொல்கிறார், துறைமுகத்துக்காரர் ஒன்று, தீயணைப்புக்காரர் ஒன்று. ஒருவர் பேச்சை மற்றவர் கேட்டே ஆக வேண்டும் என்ற நிலை இல்லை. மூன்றே முக்காலுக்குப் பிறகுதான் கப்பலை விட்டு இறங்கச் சொன்னார்கள். 4 மணி 6 நிமிடத்துக்கு முதல் வெடி. குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் அப்படியே போனார்கள். அரை மணி கழித்து இரண்டாவது வெடி, அது இன்னும் பெரியது. உதவிக்கு வந்தவர்களை அது கொண்டுபோனது.

நெய்தல் அண்ணா கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஹாலிஃபாக்ஸில் ஒன்பது தீயணைப்பு வீரர்கள், 'பாட்ரிஷியா' என்ற மோட்டார் வண்டியில் போனவர்களில் ஓட்டுநர் ஒருவர்தான் மிஞ்சினார். பம்பாயில் 66. டெக்ஸாஸ் சிட்டியில் 28 பேரில் 27. பெய்ரூட்டில் பத்து. சீனாவின் தியான்ஜின் துறைமுகத்தில் 2015இல் நூற்றுக்கும் மேல். எதை அணைக்கப் போகிறோம் என்று தெரியாமலே போனவர்கள் இவர்களில் எத்தனையோ பேர். இதைத் தியாகம் என்று ஆண்டுக்கு ஒருமுறை பேசிவிட்டுப் போவது எனக்குப் போதவில்லை.

பூங்கோதை:

தணல்மகன், அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கருவேலன்:

பம்பாயில் தங்கக் கட்டி பறந்து வந்து வீட்டில் விழுந்தது என்று ஒரு கதை உண்டே?

தணல்மகன்:

உண்மைதான், 124 கட்டி, கப்பலிலிருந்து சிதறியது, தூர்வாரும்போது பல ஆண்டு கழித்தும் கிடைத்திருக்கிறது. பம்பாய் என்றால் எல்லோரும் தங்கத்தைத்தான் கேட்கிறார்கள். இறந்தவர்கள் எண்ணிக்கை 800லிருந்து 1,300 வரை சொல்கிறார்கள், சரியான கணக்கே கிடையாது, ஏன் என்றால் துறைமுகக் கூலித் தொழிலாளிகளுக்கு அன்று யார் பெயர்ப் பதிவு வைத்திருந்தார்கள்? 80,000 பேர் வீடிழந்தார்கள். 4,000 டன் எடையுள்ள 'ஜலபத்மா' என்ற கப்பலை வெடி தூக்கிக் கரையில் போட்டது. சிம்லாவில் இருந்த நிலநடுக்கமானி வரை அதிர்வு பதிவானது. இவ்வளவு நடந்தும் பிரிட்டிஷ் அரசு செய்தியை முடக்கியது. உலகத்துக்கு முதலில் சொன்னது ஜப்பான் பிடியில் இருந்த சைகோன் வானொலி, மறுநாளே. செய்தியாளர்கள் எழுத அனுமதி கிடைத்தது மே மாதத்தில்.

சோடியம்:

வேதியியல் ஆசிரியை என்பதால் டெக்ஸாஸ் சிட்டியை நான் எடுத்துக்கொள்கிறேன். வகுப்பில் இதை நான் ஒவ்வொரு ஆண்டும் சொல்வேன், ஏனென்றால் 'காற்றை அடைத்தால் தீ அணையும்' என்று நாம் சின்ன வகுப்பில் சொல்லிக்கொடுப்பதை நம்பி ஒரு ஊரே போயிருக்கிறது.

1947 ஏப்ரல் 16, அமெரிக்காவின் டெக்ஸாஸ் சிட்டி துறைமுகம். 'கிராண்ட்கேம்ப்' என்ற கப்பலில் சுமார் 2,200 டன் அமோனியம் நைட்ரேட். போர் முடிந்து ஐரோப்பாவில் பஞ்சம், வயலுக்கு உரமாக அனுப்புகிறார்கள். ஏற்றியவர்களுக்கு அது உரம், அவ்வளவுதான், மூட்டையிலும் அப்படித்தான் போட்டிருந்தது. காகித மூட்டைகள். கட்டி தட்டாமல் இருக்க மெழுகு, பெட்ரோலேட்டம் வகைப் பூச்சு வேறு.

காலை எட்டு மணி வாக்கில் கிடங்கில் புகை. தண்ணீர் அடித்தால் சரக்கு வீணாகும் என்று, கிடங்கு வாயை மூடி உள்ளே நீராவியைச் செலுத்தச் சொன்னார் மாலுமித் தலைவர். கப்பல்களில் அந்தக் காலத்தில் வழக்கமான முறைதான் அது, காற்றை வெளியேற்றித் தீயை மூச்சுத் திணற வைப்பது. ஆனால் அமோனியம் நைட்ரேட்டுக்கு வெளிக்காற்று தேவையே இல்லை. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதன் மூலக்கூறிலேயே இருக்கிறது. நீராவி அதைச் சூடாக்கியது. சுமார் 170 பாகை செல்சியஸில் அது உருகும், அதற்கு மேல் சிதைய ஆரம்பித்து வாயுக்களை விடும், சிதைவே வெப்பத்தைக் கொடுக்கும், மூடிய கிடங்கில் அழுத்தம் ஏறும், கூடவே எரிபொருளாகக் காகிதமும் மெழுகும். வெடிக்க வேறு என்ன வேண்டும்?

சிதையும்போது வரும் நைட்ரஜன் டையாக்சைடுதான் அந்தப் பழுப்பு ஆரஞ்சு நிறப் புகை. டெக்ஸாஸ் சிட்டியில் அந்த நிறம் அழகாக இருக்கிறது என்றே கூட்டம் வந்தது. பெய்ரூட் காணொளியை மறுபடி பாருங்கள், வெடித்த பிறகு எழும்பும் அந்தச் செம்பழுப்பு மேகம் அதே வாயுதான். 9 மணி 12 நிமிடத்துக்குக் கிராண்ட்கேம்ப் வெடித்தது. பக்கத்தில் நின்ற 'ஹை ஃபிளையர்' கப்பலிலும் அதே சரக்கும் கந்தகமும் இருந்தன, அது நள்ளிரவு தாண்டி வெடித்தது. குறைந்தது 581 பேர். அமெரிக்க அரசின் மேற்பார்வையில் தயாரான உரம், அதனால் மக்கள் அரசு மேல் வழக்குப் போட்டார்கள். 1953இல் உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்ற கணக்கில் அரசுக்குப் பொறுப்பில்லை என்றது. பிறகு 1955இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டுத்தான் இழப்பீடு கொடுத்தது.

இத்தனைக்கும் 26 ஆண்டுக்கு முன்பே ஜெர்மனியில் ஒப்பாவ் ஆலையில் பாடம் நடந்து முடிந்திருந்தது. 1921 செப்டம்பர் 21. அமோனியம் சல்ஃபேட்டும் நைட்ரேட்டும் கலந்த உரம் இறுகிப் பாறையாகிவிட்டதால் சிறிய வெடி வைத்து உடைப்பது அங்கே வழக்கம், ஆயிரக்கணக்கான முறை ஒன்றும் ஆகவில்லை, ஒருநாள் 500க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. ஒன்றும் ஆகாமல் போன நாட்களைச் சான்றாகக் காட்டி யாராவது 'பாதுகாப்பானது' என்றால் எனக்கு ஒப்பாவ்தான் நினைவுக்கு வரும்.

வடசென்னை வாசி:

டீச்சர், அமோனியம் நைட்ரேட் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பெய்ரூட் வெடித்த அந்த வாரம் மணலியில் எங்களுக்கு எப்படி இருந்தது என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. எங்கள் பக்கத்துச் சரக்குப் பெட்டக நிலையத்தில் 697 டன், 37 பெட்டகங்களில். 2015இல் சுங்கத்துறை கைப்பற்றியது. உரம் என்று சொல்லிக் கொண்டுவரப்பட்ட வெடிமருந்துத் தரச் சரக்கு என்று வழக்கு. ஐந்து ஆண்டு. நடுவில் அந்த 2015 பெருவெள்ளம் வேறு, கொஞ்சம் சரக்கு வெள்ளத்தில் கெட்டும் போனது. ஐந்து ஆண்டும் நாங்கள் அந்தப் பக்கமாகத்தான் போய் வந்தோம். பெய்ரூட்டில் ஒரு ஊர் அழிந்த பிறகு தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

பிறகு அவசர அவசரமாக ஏலம் முடித்து ஹைதராபாத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள், ஆகஸ்டிலேயே. நல்லது, செய்தார்கள். நான் கேட்பது, அதை முன்பே ஒரு பலகையிலாவது எழுதி வைத்திருக்கக் கூடாதா? சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, எரிவாயு என்று எல்லாவற்றையும் எங்கள் பக்கம் வைத்துக்கொண்டு எங்களிடம் மட்டும் சொல்லாமல் இருப்பது என்ன நியாயம்?

நெய்தல்நிலத்தான்:

பெய்ரூட்டை நான் கடைசியாக வைத்திருந்தேன், நீங்கள் அதைவிடச் சரியான இடத்தில் கொண்டுவந்துவிட்டீர்கள்.

'ரோசஸ்' என்ற பழைய கப்பல், மால்டோவா கொடி, ஜார்ஜியாவின் பதூமியிலிருந்து மொசாம்பிக்கின் பெய்ராவுக்கு 2,750 டன் அமோனியம் நைட்ரேட்டோடு போக வேண்டியது. 2013 நவம்பரில் பெய்ரூட்டில் ஒதுங்கியது. கடலில் போகத் தகுதி இல்லை என்று நிறுத்திவிட்டார்கள், உரிமையாளர் கைவிட்டார், 2014இல் சரக்கை இறக்கி 12ஆம் எண் கிடங்கில் போட்டார்கள். அதன் பிறகு சுங்க அதிகாரிகள் நீதிமன்றத்துக்குக் கடிதம் மேல் கடிதம். இங்கே இருப்பது ஆபத்து, ஏற்றுமதி செய்யவோ ஒப்படைக்கவோ உத்தரவு கொடுங்கள் என்று. உத்தரவு வரவில்லை. 2020 ஆகஸ்ட் 4 மாலை தீப்பிடித்தது, ஆறு மணி தாண்டி வெடித்தது. 200க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், சுமார் 7,000 பேருக்குக் காயம், மூன்று லட்சம் பேருக்குத் தங்க வீடில்லை. பெரிய தானியக் குதிர்கள் இடையில் நின்று மேற்குப் பக்க நகரத்துக்கு ஓரளவு கவசமாகின, இல்லாவிட்டால் இன்னும் போயிருக்கும். தீயை அணைக்கப் போன அந்தப் பத்துப் பேருக்கு உள்ளே அமோனியம் நைட்ரேட் என்று யாரும் சொல்லவில்லை. கடிதங்கள் எழுதத் தெரிந்த ஒரு அரசாங்கத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்புச் செய்யத் தோன்றவில்லை.

ஹாலிஃபாக்ஸில் போர் என்ற காரணமாவது இருந்தது. பெய்ரூட்டில் எந்த எதிரிக்குப் பயந்து மறைத்தார்கள்? கடல்வழி அண்ணா இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

நீர்கொழும்பான்:

எங்கட பக்கத்து அனுபவத்தையும் பதிகிறேன். 'எக்ஸ்பிரஸ் பேர்ல்' 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எரிந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். 1,486 கொள்கலன், அதில் 25 டன் நைட்ரிக் அமிலம். அமிலக் கொள்கலன் ஒன்று கசிவது மே 11 வாக்கிலேயே கப்பலில் இருந்தவர்களுக்குத் தெரியும். கத்தாரின் ஹமாத் துறைமுகத்தில இறக்கக் கேட்டார்கள், முடியாது என்று பதில். இந்தியாவின் ஹசிராவில கேட்டார்கள், அங்கேயும் அதே பதில். கசிவோடேயே கொழும்புக்கு வந்தது, மே 20 தீ, 25ஆம் தேதி வெடிப்பு, ஜூனில மூழ்கியது. உயிர்ச்சேதம் ஹாலிஃபாக்ஸ் மாதிரி இல்லை. ஆனால் பிளாஸ்டிக் மணிகள் கரை முழுக்கப் பனி மாதிரிக் கொட்டிக் கிடந்தன, ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின, நீர்கொழும்புப் பக்கத்து மீனவர்கள் கடலுக்குப் போக முடியாமல் நாட்கணக்கில் இருந்தார்கள். மீன் வாங்கவே சனம் பயந்தது. 2025இல உச்ச நீதிமன்றம் 100 கோடி டொலர் இழப்பீடு என்று தீர்ப்புக் கொடுத்தது. அந்தக் காசு எப்போது எங்கட சனத்தின் கைக்கு வரும் என்றுதான் கதைத்துக்கொண்டிருக்கிறோம்.

கடல்வழி:

நெய்தல், பெய்ரூட்டுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை, அது மன்னிக்க முடியாதது. நீர்கொழும்புத் தம்பி சொன்னதில் இருக்கும் சிக்கலைப் பாருங்கள், நான் சொல்ல வந்தது அதுதான். அந்தக் கப்பல்காரர்கள் கசிவை இரண்டு துறைமுகத்தில் சொன்னார்கள். சொன்னதற்குக் கிடைத்தது மறுப்பு. உண்மையைச் சொன்னால் உள்ளே விடமாட்டார்கள், ஒவ்வொரு நாளும் கப்பலுக்கு இலட்சக்கணக்கில் செலவு, அப்படியானால் அடுத்த முறை மாலுமித் தலைவர் சொல்வாரா? இன்றைக்கும் கொள்கலனுக்குள் இருப்பதை மாற்றி எழுதி ஏற்றுகிறார்கள், ஆபத்துச் சரக்கு என்றால் கட்டணம் கூடுதல், சில நிறுவனங்கள் ஏற்றவே ஏற்காது. நடுக்கடலில் எரியும் கொள்கலன் கப்பல்களில் பலவற்றுக்குப் பின்னால் இந்தப் பொய் எழுத்துதான் இருக்கிறது. கப்பலில் இருப்பவனுக்கே தெரியாது, காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று. நானும் அப்படிப் படுத்துத் தூங்கியவன். ஆகையால் சொல்ல வேண்டும் என்று மட்டும் சட்டம் போட்டால் போதாது, சொன்னவனை ஏற்றுக்கொள்ள ஒரு துறைமுகமாவது கடமைப்பட்டிருக்க வேண்டும்.

நெய்தல்நிலத்தான்:

இதை முழுமையாக ஏற்கிறேன். ஹமாதோ ஹசிராவோ அந்த ஒரு கொள்கலனை இறக்க வழி செய்திருந்தால் நீர்கொழும்புக் கரை தப்பியிருக்கும். ஆனால் அண்ணா, துறைமுகங்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது ஒரு பக்கம். மணலியில் இருந்தது கப்பல் இல்லை, மறுக்கப்பட்ட சரக்கும் இல்லை, அரசாங்கத்தின் கையிலேயே இருந்த சரக்கு. பெய்ரூட்டும் அப்படித்தான். அங்கே சொல்வதற்கு எந்தத் தடையும் கிடையாது.

பூங்கோதை:

எல்லாம் படித்துவிட்டு ஒரு பயந்த கேள்வி. எங்கள் வீடு நெடுஞ்சாலை ஓரம். டேங்கர் லாரிகள் ராத்திரி முழுக்கப் போகும். அதில் என்ன போகிறது என்று சாதாரண ஆளுக்குத் தெரிந்துகொள்ள வழி உண்டா?

சோடியம்:

உண்டு பூங்கோதை, லாரியின் பின்பக்கமும் பக்கவாட்டிலும் ஒரு பலகை இருக்கும். அதில் நான்கு இலக்க எண். 1075 என்றால் சமையல் எரிவாயு வகை, 1203 பெட்ரோல், 1942 அமோனியம் நைட்ரேட், 1017 குளோரின். உலகம் முழுக்க ஒரே எண்தான். கூடவே சாய்சதுரப் படம்: சிவப்பில் சுவாலை என்றால் தீப்பற்றுவது, மஞ்சளில் வட்டத்தின் மேல் சுவாலை, கீழே 5.1 என்று இருந்தால் டெக்ஸாஸ் சிட்டி வகை, அதாவது தானே ஆக்சிஜன் கொடுப்பது. எங்காவது கவிழ்ந்து கிடந்தால் கிட்டப் போய்ப் படிக்க வேண்டாம், தூரத்திலிருந்து கைப்பேசி கேமராவில் பெரிதாக்கிப் பார்த்து 112க்கோ 101க்கோ அழைத்து அந்த எண்ணை முதலில் சொல்லுங்கள். வருகிறவர்கள் தண்ணீரோடு வருவதா, நுரையோடு வருவதா, எவ்வளவு தள்ளி நிற்பது என்பதெல்லாம் அந்த நான்கு இலக்கத்தில் இருக்கிறது.

தூரத்தில் பெரிய புகை தெரிந்தால் ஜன்னல் பக்கம் போகாதீர்கள், பிள்ளைகளை உள்ளறைக்கு அனுப்புங்கள். பெய்ரூட்டிலும் வீட்டுக்குள் இருந்து காணொளி எடுத்துக்கொண்டிருந்தவர்களைத்தான் கண்ணாடி கிழித்தது.

தணல்மகன்:

டீச்சர் சொன்ன எண்களை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அழைக்கிறவர்கள் அந்த நான்கு இலக்கத்தைச் சொன்னால் வண்டி கிளம்புவதற்கு முன்பே பாதி வேலை முடிந்த மாதிரி என்றார். அவர் பணியில் இருந்த காலத்தில் அழைத்தவர்களில் பெரும்பாலோர் 'லாரி எரிகிறது' என்பதோடு வைத்துவிடுவார்களாம். இந்த எண்களைத் தனி இழையாகப் போட்டு மேலே நிலைநிறுத்த நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன், பட்டியலை நானும் டீச்சரும் சேர்ந்து தயார் செய்கிறோம்.